ஊர் ஏரியின் பழைய காகிதங்களைத் தேடுவது எப்படி?

ஊர் ஏரியின் மதகு எந்த ஆண்டில் கட்டியது, ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) முன்பு எத்தனை ஏக்கர், வரத்துக் கால்வாய் எந்தப் பக்கமாக வந்தது? இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் எழுத்தில் பதில் இருக்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1670 முதலான அரசுப் பதிவுகள் உள்ளன. ஆனால் அங்கே போய் ஊர்ப்பெயரைச் சொல்லி, ‘எங்க ஊர் ஃபைலைக் கொடுங்க’ என்று கேட்டால் எதுவும் வராது. ஊர்வாரியாக அங்கே எதையும் அடுக்கவில்லை. எந்த அலுவலகம் எழுதியது, எந்தத் தேதியில் எழுதியது என்ற வரிசையில்தான் கட்டுகளும் தொகுதிகளும் இருக்கின்றன. அதனால் தேடுகிறவர் முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இந்த ஏரியைப் பற்றி எழுத எந்த அதிகாரிக்கு, எப்போது, என்ன தேவை வந்திருக்கும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்தக் கட்டுரை ஏரியை வைத்தே போகிறது. வரி, பாசனம், ரிப்பேர், பஞ்சம், வழக்கு என்று அரசாங்கத்தின் எல்லாப் பிரிவுகளும் ஏரியைப் பற்றி எழுதியிருக்கின்றன. கோயில், சத்திரம், சந்தை, பள்ளிக்கூடம் எதைத் தேடினாலும் போகும் வழி இதேதான்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

தமிழக அரசின் நில ஆவண மின்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டு விவரமும் (நிலத்தின் பரப்பு, வகை) புலப்படமும் கிடைக்கும். ஏரியின் புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தில் பாருங்கள். பதிவேட்டில் ஏரி, அரசு புறம்போக்கு என்ற வகையில் இருக்கும். பரப்பு இப்போது ஹெக்டேரில் இருக்கிறது, பழைய பதிவுகளில் ஏக்கர், சென்ட். 1 ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். பழைய பரப்பும் இன்றைய பரப்பும் ஒத்துவராவிட்டால், ஒரு பகுதி சாலையாகவோ நத்தமாகவோ வகை மாற்றம் ஆகியிருக்கலாம். அப்படி மாற்றியிருந்தால் அதற்கு ஓர் ஆணை இருந்தாக வேண்டும். தேட வேண்டிய முதல் காகிதம் அதுவே.

அடுத்தது, ஊர் அந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது. இதில் தவறினால் மற்ற எல்லாமே தவறும். ஈரோடு 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம். கரூர் 1910 வரை கோயம்புத்தூர், பிறகு திருச்சிராப்பள்ளி. ராமநாதபுரம் மாவட்டம் உருவானதே 1910இல்தான், அதற்கு முந்தைய காகிதங்கள் மதுரை, திருநெல்வேலிக் கட்டுகளில் இருக்கும். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தில் இல்லை. அந்த ஊர்களுக்கு எழும்பூரை விடத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக் காப்பகம்தான் சரியான இடம். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், அதன் நிர்வாகக் காகிதங்கள் மாகாணக் கலெக்டர்களின் வரிசையில் வராது.

ஊர் ரயத்துவாரியா (உழவரே நேராக அரசுக்கு வரி கட்டுவது), ஜமீனா (ஜமீன்தார் வழியாகக் கட்டுவது), இனாமா (மானியமாக விட்டது) என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். ரயத்துவாரி ஊர் என்றால் 19ஆம் நூற்றாண்டிலேயே புல எண்ணோடு, வரியை நிர்ணயித்த செட்டில்மென்ட் பதிவேடு இருக்கும். ஜமீன் ஊர்களில் பெரும்பாலானவை 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்த முறைக்குள் வந்தன. அதுவரை பைமாஷ் (பழைய நில அளவை) எண்தான் வழக்கம். ஜமீன் ஊருக்கு 1880ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் தேடி நாள் கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. இல்லாத ஒன்றுக்காக அலையும் அலைச்சல் அது. இனாம் ஊருக்கு வேறொரு பொக்கிஷம் இருக்கிறது: 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடு. யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, அப்போது அனுபவித்தவர் யார், கமிஷனர் என்ன முடிவு செய்தார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஏரிப் பராமரிப்புக்கு விட்ட மானியம் இருந்திருந்தால் இதில் தெரியவரும்.

ஆங்கில அட்டவணைகளில் ஊர்ப்பெயர் நாம் எழுதுகிற மாதிரி இருக்காது. திருநெல்வேலி ‘டின்னவெல்லி’யாக, செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’டாக, காஞ்சிபுரம் ‘காஞ்சீவர’மாக இருக்கும். பெரிய ஊர்களுக்காவது இது நிலையானது. சின்ன ஊருக்கு ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். ‘ழ’ வரும் இடத்தில் எல், ஆர், இசட் எது வேண்டுமானாலும் வரலாம். ஐந்தாறு வடிவங்களை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள்.

ஆண்டுக் கணக்கும் கைவசம் வேண்டும். வருவாய்க் கணக்கு பசலி என்ற வருவாய் ஆண்டில் இருக்கும், பசலி ஜூலை 1இல் தொடங்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1270 என்றால் 1860 ஜூலை முதல் 1861 ஜூன் வரை. ஜனவரி முதல் ஜூன் வரையான நிகழ்வுக்கு ஒரு வருடம் பிசகிவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு.

ஏரியைப் பற்றி யார் எழுதினார்கள்?

கரை உடைந்தால் ஊர்க் கணக்கரான கர்ணம் தாசில்தாருக்கு எழுதுவார், தாசில்தார் கலெக்டருக்கு, கலெக்டர் வருவாய் வாரியத்துக்கு, வாரியம் கோட்டையில் இருந்த மாகாண அரசுக்கு. வருவாய் வாரியம் 1786இல் தொடங்கி 1980இல் கலைக்கப்பட்டது. இரண்டு நூற்றாண்டுக் கிராமப்புற வரலாற்றின் பெரும்பகுதி அதன் நடவடிக்கைத் தொகுதிகளில்தான் இருக்கிறது. ஆராய்ச்சிக் கூடத்தில் அதை ‘பி.பி.’ (போர்டு புரொசீடிங்ஸ்) என்பார்கள், அரசாணையை ‘ஜி.ஓ.’ என்பார்கள். இந்த இரண்டு சொற்களும் தெரிந்தால் ஊழியர்களோடு பேசுவது எளிது.

ஏரிக்கென்று மூன்று காலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1858க்கு முன் ரிப்பேர்ச் செலவெல்லாம் வருவாய் நிர்வாகத்தின் வழியாகவே போகும், அதனால் கலெக்டர்–வாரியக் கடிதங்களைப் பாருங்கள். 1858இல் பொதுப்பணித்துறை வந்த பிறகு, பொறியாளர்களின் மதிப்பீடுகள் அந்தத் துறையின் அரசாணைகளில் சேரத் தொடங்குகின்றன. குடிமராமத்துக்கு (ஊரார் கூடிச் செய்யும் ஏரிப் பராமரிப்பு) வராதவர்களிடம் வசூலிக்க வகைசெய்யும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிய கடிதப் போக்குவரத்தில், ஊரார் எந்த வேலையைத் தாங்களே செய்துவந்தார்கள் என்ற விவரம் கிடைக்கும்.

மூன்றாவது காலம்தான் ஏரி தேடுகிறவர்களுக்கு வரம். 1883இல் தொடங்கிய ஏரி மீட்புத் திட்டத்தில் குழுக்கள் ஒவ்வொரு ஏரியாகப் போய் அளந்து ‘மெமாயர்’ என்ற குறிப்பேடு எழுதின. நீர்ப்பிடிப்புப் பரப்பு, கொள்ளளவு, கரையின் நீளம், ஒவ்வொரு மதகின் அளவும் அடிமட்டமும், கலிங்கின் (உபரிநீர் வழியும் இடம்) நீளம், முழு நீர்மட்டம், ஆயக்கட்டு எல்லாம் அதில் இருக்கும். பிற்காலத்தில் கலிங்கை உயர்த்தினார்களா, மதகை அடைத்தார்களா என்று ஒப்பிட இதைவிட நல்ல சான்று கிடையாது. இவை ஊர் அகரவரிசையில் இருக்காது, ஆற்று வடிநிலம் வாரியாக இருக்கும். ஆகவே உங்கள் ஏரியின் உபரிநீர் எந்த ஏரிக்குப் போய் எந்த ஆற்றில் சேர்கிறது என்று தெரியாமல் மெமாயரைத் தேட முடியாது.

மெமாயர்கள் பெரும்பாலும் பாசனப் பிரிவு அலுவலகங்களிலேயே தங்கிவிட்டன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி என்றால் நீர்வளத்துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏரி பற்றிய எல்லா ஆவணமும்’ என்று கேட்டால் ‘தொகுத்துத் தர இயலாது’ என்று வந்துவிடும். ‘இன்ன கிராமம், இன்ன புல எண், இன்ன ஏரியின் மெமாயர் நகல்’ என்று ஒரே பொருளாகக் கேளுங்கள். பதிவேட்டை நேரில் பார்வையிடவும் சட்டம் இடம் தருகிறது. நகல் கேட்பதை விடப் பல நேரம் அதுவே பலன் தரும், பக்கத்தில் வேறென்ன இருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

செங்கல்பட்டுப் பகுதி ஊராக இருந்தால் இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னால் போகலாம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு நடத்திய அளவையில் அந்தச் சீமையின் ஊர்கள் ஏரி, மானியம், குடிவகை உட்பட ஊர் ஊராகப் பதிவாகியிருக்கின்றன.

எழும்பூரில் முதல் நாள்

அடையாள அட்டை, புகைப்படம், எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் ஆகியவை வேண்டும். ஆய்வு மாணவர் என்றால் துறைத் தலைவரின் அறிமுகக் கடிதமும் சேர்க்க வேண்டும். எந்தக் காலத்துப் பதிவு, எந்தத் துறை என்று கடிதத்தில் எழுதுங்கள். ‘ஊர் வரலாறு’ என்று மட்டும் எழுதினால் அனுமதி தருபவருக்கு என்ன முடிவெடுப்பது என்று தெரியாது. கட்டணமும் நேரமும் படம் எடுக்கும் விதிகளும் அவ்வப்போது மாறும், கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பேனாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள்.

முதல் நாளில் எந்தத் தொகுதியையும் கேட்க வேண்டாம். மாவட்டப் பதிவுகளுக்கான அச்சு வழிகாட்டிகளும் வருடாந்திர அட்டவணைகளும் நூலகத்தில் இருக்கின்றன, அவற்றோடு அந்த நாளைக் கழியுங்கள். அட்டவணையில் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வட்டத்தின் பெயர், ஆற்றின் பெயர், ‘டேங்க்’, ‘ஸ்லூஸ்’ (மதகு), ‘ப்ரீச்’ (உடைப்பு), ‘கலிங்குலா’ (கலிங்கு), ‘ரெமிஷன்’, ‘ரிப்பேர்ஸ்’ ஆகிய தலைப்புகளையும் பாருங்கள். ‘ரெமிஷன்’ முக்கியமானது. ஏரி உடைந்தோ வறண்டோ விளைச்சல் போனால் ரயத்துகள் வரித் தள்ளுபடி கேட்பார்கள். கொடுக்க மனமில்லாத வாரியம் காரணத்தை விவரமாகக் கேட்கும், கலெக்டரும் விவரமாகப் பதில் எழுதுவார். ஊரார் வாயிலிருந்து வந்த பேச்சு அரசுக் காகிதத்தில் ஏறுவது இப்படித்தான்.

ஒவ்வொரு குறிப்புக்கும் துறை, எண், நாள், தொகுதி எண் நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். கோரிக்கைச் சீட்டில் இவற்றில் ஒன்று குறைந்தாலும் சீட்டு திரும்பி வரும். எடுத்துவர நேரமாகும், அதனால் காலையிலேயே சீட்டைக் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் அடுத்த ஆண்டின் அட்டவணையைப் பாருங்கள். ‘நொறுங்கும் நிலை’ என்று சொல்லித் தரமறுத்தால் வாதாட வேண்டாம். அந்தக் காகிதத்தைப் புரட்டினால் ஓரம் தூளாக உதிரும், நீங்கள் படிப்பது கடைசி வாசிப்பாகிவிடும். மைக்ரோஃபிலிமோ மின்னுருவோ உண்டா என்று கேளுங்கள்.

படிக்கும்போது தடுக்கும் இடங்கள்

1850கள் வரையான தொகுதிகள் பெரும்பாலும் கையெழுத்து. முதல் அரைமணி நேரம் ஒன்றும் புரியாது. தேதி, முகவரி, ‘ஐ ஹேவ் தி ஆனர்’ போன்ற மாறாத வரிகளை வைத்து அந்தக் குமாஸ்தாவின் எழுத்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால், பத்துப் பக்கத்துக்குள் கண் பழகிவிடும்.

பணக் கணக்கில் கவனம் தேவை. 1818க்கு முந்தைய சென்னைக் கணக்கு வராகனில் இருக்கும்: 1 வராகன் 42 பணம், 1 பணம் 80 காசு, மூன்றரை ரூபாய்க்கு 1 வராகன் என்பது அரசு விகிதம். பிறகு வருவது ரூபாய், அணா, பை: 16 அணா 1 ரூபாய், 12 பை 1 அணா. மூன்று பத்தியாக இருக்கும் எண்களைத் தசம எண்ணாக எக்செல்லில் ஏற்றினால் கூட்டல் தவறிவிடும்.

தமிழ்க் கணக்கு ஏடுகளில் க என்பது 1, உ என்பது 2, ய என்பது 10. எழுத்தா எண்ணா என்பதை இடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கம் பொதுவாக இல்லை, துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் வரியை முழுக்க வாசியுங்கள்.

காகிதம் இல்லை என்று சொன்னால்

எல்லாக் கோப்பையும் அரசு வைத்துக்கொள்வதில்லை. கோப்பை முடிக்கும்போதே எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்று முத்திரை விழுந்துவிடும். எல்.டிஸ். ஓராண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, டி.டிஸ். பத்தாண்டு, ஆர்.டிஸ். நிரந்தரம். இன்றைய கோப்புகளில் மூ.மு., ப.மு. என்று காண்பதும் இதே வகைதான். நீங்கள் தேடும் எண்ணுக்கு முன் கே.டிஸ். என்றிருந்தால் அந்தக் கோப்பு அழிந்து வெகுகாலமாகியிருக்கும். அதற்காக விஷயமே அழிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கலெக்டர் அனுப்பிய கடிதம் வாரியத்தின் நடவடிக்கையில் நகலாக ஏறியிருக்கும், வாரியத்தின் முடிவு அரசாணையில் மேற்கோளாக வந்திருக்கும். ஒரே செய்திக்கு மாவட்டம், வாரியம், கோட்டை என்று மூன்று தடம் உண்டு. ஒன்று அறுந்தால் அடுத்ததைப் பிடியுங்கள்.

நான்காவது தடம் லண்டனில். சென்னை நடவடிக்கைகளின் நகல்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பிறகு இந்தியா ஆபீசுக்கும் அனுப்பப்பட்டன, இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இங்கே கறையான் தின்ற பக்கம் அங்கே முழுசாக இருக்கலாம்.

பத்திரிகைகளுக்கும் இப்படியொரு மாற்று வழி உண்டு. 1870கள் முதல் அரசாங்கம் உள்ளூர் மொழிப் பத்திரிகைகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் தொடர்ந்து அறிக்கை எழுதிவந்தது. ஒரு பிரதிகூட மிஞ்சாத தமிழ்ப் பத்திரிகைகளின் செய்திகள் அதில் உயிரோடு இருக்கின்றன.

திரையில் தேடுதல்

இணையத்தில் கிடைப்பது மொத்தத்தில் ஒரு சிறு பகுதிதான். ஆனாலும் எழும்பூருக்குப் போவதற்கு முன்பே தேடிவிடுவது நல்லது. டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் பதிவு செய்துகொண்டு கோப்புகளைப் படிக்கலாம். அங்கே இருப்பது மத்திய அரசின் காகிதங்கள். பாசனக் கொள்கை, பஞ்சம் பற்றிக் கிடைக்கும். ஊர் அளவில் தேடினால் ஏமாற்றம்தான். மாவட்டக் கையேடுகள், பழைய மக்கள்தொகை அறிக்கைகள், தமிழ் அச்சு நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இருக்கின்றன. தமிழ் அச்சுப் பண்பாட்டுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல் நம்பகமானது. இலங்கை ஊர்களுக்கு 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத் தளத்தில் தொடங்குங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததில் இழந்தவை எத்தனையோ, எஞ்சியதை வீடு வீடாகத் திரட்டி ஏற்றும் பணி அது. நாகப்பட்டினம், பழவேற்காடு, தூத்துக்குடிப் பக்கத்து ஊர் என்றால் டச்சுக் கம்பெனிக் கடிதங்களையும் விடாதீர்கள். ‘குளோபலைஸ்’ திட்டத்தில் சுமார் 50 லட்சம் பக்கக் கையெழுத்தைக் கணினியே படித்து எழுத்துருவாக்கியிருக்கிறது, தேடுபெட்டியில் சொல்லைப் போட்டுத் தேடலாம்.

தேடுபெட்டி ஒன்றும் காட்டவில்லை என்பதால் ஆவணம் இல்லை என்று ஆகாது. ஆங்கில அச்சை எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) நன்றாகவே படிக்கிறது. தமிழ் அச்சில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களில் அது தடுமாறும், தமிழ் எண்ணை எழுத்தாகப் படித்துவிடும். ஆகவே நூலின் பொருளடக்கத்தைக் கண்ணால் பாருங்கள். கிடைத்ததை உடனே இறக்கி வையுங்கள். 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தின் மின்தொகுப்புகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. இந்திய மின்னூலகத் தளமும் ஒரு கட்டத்தில் மூடப்பட்டது. அதன் நூல்கள் இன்று படிக்கக் கிடைப்பது இன்டர்நெட் ஆர்க்கைவில் பிரதி இருந்ததால்தான். இணைப்பை மட்டும் குறித்துவைத்தால் போதாது, ஆவணத்தின் துறை, எண், நாள் உங்கள் ஏட்டில் இருக்க வேண்டும். தளம் போனாலும் அந்தக் குறிப்பை வைத்து மூலத்தைக் கேட்க முடியும்.

நீங்களே மின்னுருவாக்கும்போது

ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது கர்ணம் கணக்கு, பத்திரம், ஓலை இருக்கும். வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே படம் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். லேமினேட் செய்யச் சொல்லி யாரும் கேட்டால் தடுத்துவிடுங்கள்: சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து காகிதத்தை மீட்கவே முடியாதபடி ஆக்கிவிடும். செல்லோடேப்பும் கூடாது, அதன் பசை சில ஆண்டில் பழுப்பாகி மையைத் தின்றுவிடும்.

தைத்த கணக்குப் புத்தகத்தைத் தட்டையாக அமுக்காமல், இரு பக்கமும் துணிச்சுருள் முட்டுக்கொடுத்துத் திறந்த அளவிலேயே எடுங்கள். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். போன் செயலியின் ‘கறுப்பு வெள்ளை’ வடிகட்டியை அணைத்துவிடுங்கள், அது பென்சில் குறிப்பையும் முத்திரையின் நிறத்தையும் அழித்துவிடும். ஸ்கேனர் இருந்தால் 400 புள்ளி அடர்த்தி, வண்ணம், மூலப்பிரதி டிஃப், பகிர்வதற்கு ஜேபெக். ஒவ்வொரு கட்டின் முதல் படமும் அட்டை அல்லது முதுகுச் சீட்டாக இருக்கட்டும், ஓரத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள். இல்லாவிட்டால் பக்கம் விட்டுப்போனதா, வெறுமையா என்று பின்னால் சொல்லத் தெரியாது.

கோப்புப் பெயரில் ஊர், கட்டு எண், பக்க எண் மூன்று இலக்கத்தில் வரட்டும். பக்கத்தில் ஓர் அட்டவணை: கோப்புப் பெயர், மூலம் யாரிடம் உள்ளது, தேதி (பசலியும் ஆங்கில ஆண்டும்), ஊர்ப்பெயர் (இன்றைய வடிவமும் காகிதத்தில் உள்ள வடிவமும்), பொருள் ஒரு வரியில். படம் எடுப்பதை விட இந்த அட்டவணைக்கு அதிக நேரம் பிடிக்கும், பலரும் பாதியில் விடுவது இங்கேதான். அட்டவணை இல்லாத ஆயிரம் படங்களுக்குள் யாரும் எதையும் தேட முடியாது. மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

வெளியிடுவதற்கு முன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வெளியான நூலென்றால் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, அரசு வெளியீடென்றால் வெளியாகி 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சாதிப்பெயர், கடன், குடும்பத் தகராறு உள்ள பக்கங்களைப் பொதுவில் போடுவதற்கு முன் சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் கேளுங்கள். ஏரி ஆக்கிரமிப்பு பற்றி வழக்குப் போடுவதாக இருந்தால் நீங்கள் எடுத்த படத்தை நம்ப வேண்டாம். அந்த அரசாணையின், பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் காப்பகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ மனுப் போட்டு வாங்கித் தாக்கல் செய்யுங்கள்.